மேகத்தின் நாடி

மேகம் என்று பெயர் வைத்தது கட்டட வேலை ஆட்கள்தான். ராட்சத கிரேனின் உச்சியில், குளியலறை அளவுகூட இல்லாத கண்ணாடிக் கூண்டில் காலையிலிருந்து மாலைவரை தொங்கிக்கொண்டிருப்பவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? "மேகம் கீழ இறங்கிடுச்சுடா, குடை எடுத்து வைங்க" என்று கேலி செய்வார்கள். இளவயதில் ஒட்டிக்கொண்ட பெயர், வேலையை விட்டு, தலை நரைத்து, கை நடுங்கத் தொடங்கிய பிறகும் அவரை விடவில்லை.

அவருடைய மனைவி அதே கட்டடத்தில் தரையில் நின்றவள். உச்சியில் இருப்பவருக்குத் தரை சரியாகத் தெரியாது. கம்பிக் கட்டு எங்கே இறங்க வேண்டும், எவ்வளவு நகர வேண்டும், எப்போது அப்படியே நிற்க வேண்டும் என்று கொடி காட்டிச் சொல்வது அவள் வேலை. பிறகு வாக்கிடாக்கி வந்தது, கொடி போனது. அவர் மட்டும் அவளைக் கொடி என்று கூப்பிடுவதை விடவேயில்லை.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதோ ஒரு கிரேன் டிரைவர் ஏணியில் பாதி ஏறும்போது மயங்கி விழுந்ததிலிருந்து, மேலே ஏறுபவரின் நாடியைத் தரையில் நிற்பவர் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நாடி வேகமாக ஓடினால் ஆள் ஏறக் கூடாது. பயமோ, காய்ச்சலோ, முந்தின நாள் குடியோ, காரணம் எதுவானாலும் சரி. மற்றவர்கள் கடமைக்குத் தொட்டுவிட்டு "போ, போ" என்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேகத்தின் நாடி தறிகெட்டு ஓடியது. "ஏறாதீங்க" என்றாள். மறுநாளும் ஓடியது. "இன்னிக்கும் ஏறாதீங்க." கட்டடம் வளராமல் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து கத்தினார். தானே மேகத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி அசைபோடும் மாடுபோல நிதானமாக இருந்தது. அவளைப் பிடிக்கச் சொன்னார். குதிரை. மறுபடியும் தான் பிடித்தார். மாடு. மறுபடியும் அவள். குதிரை.

சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒண்ணு இவனைக் கட்டிக்கோ, இல்ல வேற கிரேனுக்குப் போ. சீக்கிரம் முடிவு பண்ணு. எனக்குக் கட்டடம் எழும்பணும்."

கட்டடம் எழும்பியது.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த நாடி அவள் சொத்தாகிவிட்டது. மேகம் வாய் திறந்து மனதைச் சொல்கிற ஆள் இல்லை. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பார். அவள் "கையைக் குடுங்க" என்பாள். ஒண்ணுமில்லையா, என்னவோ இருக்கிறதா என்று மணிக்கட்டு சொல்லிவிடும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை அப்படித்தான் கண்டுபிடித்தாள். மகள் சைக்கிளில் விழுந்து பல் உடைந்ததை அவர் மறைத்தபோதும் அப்படித்தான். "உன் அம்மா போலீஸ்ல சேர்ந்திருக்கணும்" என்று மகளிடம் புலம்புவார். "அப்பா, நீங்க கையுறை போட்டுக்கங்க" என்று மகள் யோசனை சொல்வாள்.

பார்க்கின்சன்ஸ் என்ற நடுக்க நோய் வந்தபோது முதலில் வலது கை நடுங்கியது. அப்புறம் நடை சின்னச் சின்ன அடிகளாகச் சுருங்கியது. அப்புறம் குரல் இறங்கியது. கடைசியில் முகம் போனது. முகம் அங்கேதான் இருந்தது, மூக்கும் கண்ணும் வாயும் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் சிரிப்பு வந்தால் அதில் ஏறவில்லை, கோபம் வந்தால் ஏறவில்லை. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் சன்னல்போல இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் "அவருக்கு எங்க மேல ஏதாவது வருத்தமா?" என்று அவளைத் தனியாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் கவலைப்படவில்லை. அவளிடம் மணிக்கட்டு இருந்ததே.

கொஞ்ச நாளாக எழுந்து நின்றால் அவருக்குக் கண் இருட்டியது. ஒருமுறை அலமாரியைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். "வயசாச்சு, இதுல என்ன அதிசயம்" என்றார் தரையில் உட்கார்ந்தபடி.

ஒரு மாலை இருவரும் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, சாலை நடுவில் அவருடைய கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. இந்த நோயில் அப்படி ஆகும். மூளை நட என்று சொல்லும், கால் கேட்காது. லாரி ஒன்று வளைவைத் தாண்டி வந்தது. அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. லாரி டயர் தேய, அவருடைய சட்டைப் பொத்தானைத் தொட்டுவிடும் தூரத்தில் வந்து நின்றது. டிரைவர் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினான். அவளுக்கு நெஞ்சு காதுக்குள் இடித்தது. நடைபாதையில் அவரை உட்காரவைத்து, பழக்கத்தில் கையைப் பிடித்தாள்.

நாடி மாடுபோல அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அடேயப்பா!" என்றாள். "எமன் மூஞ்சியில மூச்சு விட்டுட்டுப் போயிருக்கான், இவருக்கு ஒரு சலனம் இல்ல பாருங்க." கூடியிருந்தவர்களிடம் பெருமையாகவே சொன்னாள். "வானத்துல உட்கார்ந்து வேலை பார்த்த மனுசன். லாரிக்கா பயப்படுவார்?"

அவர் தன் மணிக்கட்டில் இருந்த அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நடந்த சில வாரங்களில் மகளிடமிருந்து போன் வந்தது. மகள் கடல் தாண்டி இருந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. கரைக்கு எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. போன தடவை வயிற்றில் தங்கிய குழந்தை பாதியில் போய்விட்டது. அப்போது அவள் ஒற்றை ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போய், ஒற்றை ஆளாகத் திரும்பி வந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டுக்குச் சொன்னாள். இப்போது மறுபடியும் தங்கியிருந்தது, மாதம் ஏறியிருந்தது.

"அம்மா, இந்த வாட்டி நீ வந்துடும்மா" என்றாள். எதையும் கேட்டுப் பழகாத பெண். "எனக்குப் பயமா இருக்கு."

அப்பாவை அழைத்துப்போக முடியாது. அவ்வளவு நேரம் விமானத்தில் அவர் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. அவள் திரும்பும்வரை அவரை ஒரு முதியோர் இல்லத்தில் விடுவது. அந்த வார்த்தையைச் சொல்லவே அவளுக்கு நாக்கு எழவில்லை. அவரே சொன்னார்.

"எங்கயாவது சேர்த்துட்டுப் போ, கொடி. நான் என்ன கைக்குழந்தையா?"

போய்ப் பார்த்தார்கள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லாத இடம். தரை மருந்து வாசனையோடு பளபளத்தது. நீளமான நடைக்கூடம், இருபுறமும் ஒரே மாதிரி கதவுகள். ஏதோ ஒரு அறையிலிருந்து யாரோ ஒருவர் "நர்ஸ், நர்ஸ்" என்று ஒரே சுருதியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபமில்லாத குரல், பதில் வராது என்று பழகிப்போன குரல். மேலாளர் அம்மாள் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

அறையைக் காட்டிவிட்டு மேலாளர் வெளியே நின்றாள். கட்டில், மேசை, எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்க்கும் சன்னல். மேகம் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மெத்தை நல்லா இருக்கு" என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். "கையைக் குடுங்க."

கொடுத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. இங்க இருக்க உங்களுக்குப் பயமா இருக்கா? இருந்தா நான் போகல. அவளுக்கு எப்படியாவது சொல்லிக்கிறேன்."

"எனக்கென்ன பயம்? வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. உன் புலம்பல் இல்லாம நிம்மதியா தூங்குவேன்."

"விளையாடாதீங்க."

"பயமில்ல கொடி. நீ போ."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நாடி ஒரு இம்மி பிசகவில்லை. அசைவில்லாத குளம்போல இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல மூச்சு விட்டாள். கொஞ்சம் வருத்தமும் வந்தது, மறைப்பானேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பிரிகிறோமே என்று ஒரு துடிப்பாவது கூடுதலாகத் துடித்திருக்கலாமே என்று தோன்றியது. "கல்நெஞ்சக்காரர்" என்று முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து, வருகிறேன் என்றாள். மகள் போனிலேயே ஓவென்று அழுதாள். அது சந்தோஷ அழுகை.

புறப்படுவதற்கு முன் அவருடைய மயக்கத்துக்கு ஒரு வழி பார்த்துவிட வேண்டும் என்று டாக்டரிடம் அழைத்துப் போனாள். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஜெல் தடவிப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஊசி போட்டு, காத்திருக்கவைத்து, பெரிய எந்திரத்துக்கு அடியில் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

டாக்டர் அவளைவிடச் சின்னவள், மகள் வயதுதான் இருப்பாள். கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். இருட்டில் சில இடங்கள் பனி மூடிய விளக்குகள்போல ஒளிர்ந்தன.

"இது கல்லீரல். இது நுரையீரல். இங்க பாருங்க, இதயம் இருக்கிற இடம்."

அவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே."

"அதான் விஷயம். இதயம் நல்லா இருக்கும்மா. தசை, வால்வு, குழாய் எல்லாம் சரியா வேலை செய்யுது. ஆனா இதயத்துக்கு, 'சீக்கிரம் ஓடு, அவசரம்'னு சேதி கொண்டு வர்ற நரம்பு இருக்கு. நாங்க போட்ட மருந்து அந்த நரம்போட நுனியில போய் ஒட்டிக்கும். நுனி இருந்தா படத்துல வெளிச்சம் தெரியும். இவருக்கு அந்த நுனிகள் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. பார்க்கின்சன்ஸ் கையை மட்டும் பிடிக்கிற நோய் இல்ல. சில பேருக்குக் கை நடுங்கறதுக்கு முன்னாடியே இதை ஆரம்பிச்சிடும்."

"அதனாலதான் மயக்கமா?"

"ஆமா. நாம எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே ரத்தக்குழாய் இறுகணும், இதயம் வேகம் பிடிக்கணும். இவருக்கு அந்தக் கட்டளை போய்ச் சேரல. இனிமே படுக்கையிலேருந்து எழுந்தா கொஞ்ச நேரம் ஓரத்துல உட்கார வைங்க. அப்புறம்தான் நிக்கணும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இருட்டில் ஏதோ ஒன்று மெல்ல உருவம் எடுத்து அவளை நோக்கி வந்தது.

"டாக்டர், அப்போ... பயந்தா?"

"பயந்தாலும் அப்படித்தான். துளிகூட மாறாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பழைய மாதிரி ஓடாது. நாடி அமைதியா இருக்குங்கறதை வெச்சு, மனசு அமைதியா இருக்குன்னு நினைக்க முடியாது."

"பொய் சொன்னா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "அதை நாங்க இன்னும் சோதிச்சுப் பார்க்கலம்மா."

அவள் சிரிக்கவில்லை. திரும்பி மேகத்தைப் பார்த்தாள். அவர் தன் காலணியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அவர் டாக்டரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. திரையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அது போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்வரை பொறுத்திருந்தாள். கைப்பையை மேசைமேல் எறிந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மேகம், என்கிட்ட நடிக்காதீங்க. உங்க நாடி பேசாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். குரல் நாற்காலியைத் தாண்டி வரவில்லை. அவள் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அந்த லாரி" என்றார். "செத்துட்டேன்னே நெனச்சேன் கொடி. உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நீ கையைப் பிடிச்ச, சலனமே இல்லன்னு சொன்ன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம் தனியா இருக்கும்போது கழுத்துல விரலை வெச்சுப் பார்த்தேன். பயந்ததையெல்லாம் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஆளில்லாத வீட்டுல கடிகாரம் ஓடற மாதிரி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"முதல்ல பயந்துட்டு சொல்லல." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்புறம் அவ போன் வந்துச்சு. இப்பவாவது இது எதுக்காச்சும் உதவட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எதை நோக்கிக் கத்துவது என்று தெரியவில்லை.

"இப்ப வாயால சொல்லுங்க. அந்த இடம் பயமா இருக்கா?"

"டிக்கெட் எடுத்தாச்சு."

"கேட்டதுக்குப் பதில்."

கணக்குத் தப்பாகப் போட்ட பள்ளிப் பையன்போலச் சொன்னார். "படுத்தா என்னால திரும்ப முடியாது. நீ புரட்டி விடற. முதுகு எரியும், மூச்சு முட்டும், நீ எழுந்து புரட்டுவ. அங்க நான் கூப்பிட்டா என் குரல் கதவு வரைக்கும்கூடப் போகாது. அந்த ஆள் கத்திக்கிட்டிருந்தாரே, அவருக்காவது குரல் இருக்கு."

அவள் அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஆனா நீ போகணும்" என்றார். "ரெண்டும் நிஜம்தான். பயமும் நிஜம், போகணும்கறதும் நிஜம்."

அவள் போகவில்லை.

முடிவு என்று ஒன்றை உட்கார்ந்து எடுத்ததாக அவளுக்கு நினைவில்லை. பெட்டி திறந்தபடி கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதிலிருந்து ஒரு சேலை அலமாரிக்குத் திரும்பியது. பெட்டி காலியானதும் மகளுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இதயம், என்று ஆரம்பித்தாள். மகள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"பரவாயில்லம்மா. அப்பாவைப் பாரு" என்றாள். அதில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. வாயில் வந்தபடி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாய்க்குத் தூக்கம் வந்திருக்கும்.

மேகம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு ஊட்டினால் வாய் திறந்தார், புரட்டிவிட்டால் புரண்டார். வாழ்நாளில் அவர் கொடுத்த ஒரே பெரிய பரிசை அவள் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தக் கோபம் அவளுக்குப் புரிந்தது. புரிந்தால் வலிக்காமல் இருக்குமா?

டாக்டர்கள் சொன்ன நாளுக்கு முன்னாலேயே குழந்தை வந்துவிட்டது. மகளுக்கு நடு வேலையில் ரத்தம் போக, பக்கத்து இருக்கைக்காரி வண்டி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மாப்பிள்ளை கடலில் இருந்தான். தாய் எங்கே என்று அங்கே யாரோ கேட்டார்களாம், வர முடியவில்லை என்று மகளே சொன்னாளாம். இதெல்லாம் அந்தப் பக்கத்து இருக்கைக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

சில நாள் கழித்து மகள் வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது. கையில் துணிப் பொட்டலம்போல ஒன்று. தாய் அவசரமாக மேகத்தைப் புரட்டி எழுப்பிக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்பா, உங்க பேத்தி" என்றாள் மகள்.

பொட்டலம் கொட்டாவி விட்டது. மேகம் கண் இமைக்காமல் பார்த்தார்.

"என்னம்மா, அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார்? சந்தோஷம் இல்லையா அவருக்கு?"

அவள் மேகத்தின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. சந்தோஷமோ, துக்கமோ, இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்றோ, அந்த உடம்புக்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தது. உள்ளே போக அவளிடம் இப்போது ஒரு கதவும் இல்லை.

"சந்தோஷம்தான்டி" என்றாள். அதற்குள் அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வாயருகே வைத்துக் கேட்டாள். "காது உன்னை மாதிரியே இருக்காம். பெரிய காது. பின்னாடி எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம்."

மகள் சிரித்தாள். சிரித்தபோது தையல் வலித்து முகம் சுளித்தாள். சுளித்த முகம் அப்படியே அழுகைக்குப் போனது. "வலிக்குதும்மா" என்றாள். எங்கே என்று தாய் கேட்கவில்லை. நர்ஸ் வந்துவிட்டாள் என்று சொல்லி மகள் போனை வைத்தாள்.

திரை அணைந்து, அதில் அவர்கள் இருவர் முகமும் மங்கலாகத் தெரிந்தது.

"நீ போயிருக்கலாம்" என்றார் மேகம். வாரக்கணக்கில் பேசாதிருந்தவர் அவளுக்கென்று பேசிய முதல் பேச்சு அது.

"போயிருக்கலாம்தான்."

"நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது."

கூடாதுதான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அது உண்மை. இல்லை என்று சொன்னால் அதுவும் உண்மை. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "எழுந்திரிக்கலாமா? தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இரு" என்றார்.

இருந்தார்கள்.